சின்னமயில் பல்லைக் காட்டினாள்

ஆவாரங்குடியில் சிரித்தவர்கள் பல்லெல்லாம் ஊதாவாகிப்போன அந்த வருஷத்தில், ஊருக்குள் யாரும் சந்தேகப்பட முடியாத வெள்ளைப் பல் என்று ஒன்று இருந்தது என்றால் அது பபூன் அழகுப்பிச்சையின் பெண்டாட்டி சின்னமயிலின் பல்தான். ஊரே அவள் புருஷனைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அத்தனை காலத்திலும் அவள் ஒருத்தி மட்டும் ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை.

கோபமோ வீம்போ அதில் இல்லை. திருவிழாவுக்குத் திருவிழா நாடகம் போடும் செட்டில் அழகுப்பிச்சை பபூன் வேஷக்காரன். ராஜா வருவதற்கு முன்னால் மேடைக்கு வந்து, ஆடி, பாடி, தூங்கி வழிகிற கூட்டத்தை எழுப்பி உட்காரவைத்துவிட்டுப் போகிறவன். புதுச் சங்கதி ஒன்று மனதில் வந்தால் அதை முதலில் வீட்டில்தான் சொல்லிப் பார்ப்பான். சின்னமயில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள், அல்லது அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அவன் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து பார்க்காமலே "சரி" என்பாள், இல்லாவிட்டால் "ம்" என்பாள். "சரி" என்றால் அது மேடைக்குப் போகும். "ம்" என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஆர்மோனியக்காரர் முதல் படுதா இழுக்கிறவர் வரைக்கும் செட்டு முழுக்க இது தெரியும். "மயிலு சரின்னுச்சா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் புதுச் சங்கதியை மேடையில் சொல்ல விடுவார்கள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம், ஒவ்வொரு சங்கதியும் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் அகப்பையுமாக அவள் கஞ்சி காய்ச்சிய நாள்தான், ஆறு மாதம் கழித்து மேடையில் "எங்க வீட்டு அடுப்புக்குச் சளி புடிச்சிருச்சுங்க" என்று ஆனது. பிறந்து கொஞ்ச காலமே இருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்கும் ஊசி போடுகிற ஜன்னலுக்கும் இருவரும் அலைந்த நடைதான், வருஷங்கள் போன பிறகு, ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி ஓடிக் கடைசியில் தன்னையே தொலைத்துவிட்டுத் தேடுகிற நோயாளியின் ஆட்டமாகி ஏழு ஊர் ஜனத்தை உருண்டு புரள வைத்தது. எந்தச் சிரிப்பு எந்த அழுகையின் வயிற்றில் பிறந்தது என்று தெரிந்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? நல்ல சங்கதியா என்று மட்டும் அவளால் சொல்ல முடியும். சொன்னாள்.

ஆவாரங்குடி மாரியம்மன் திருவிழாவில் முன்வரிசை நடு நாற்காலி மில்காரர் வயிரவனுடையது. ஊரின் ஒரே நெல் அரவை மில் அவருடையது, மில்லை ஒட்டிய லைன் வீடுகள் அவருடையது, பேரூராட்சித் தலைவர் நாற்காலியும் அவர் மீசை கறுத்திருந்த காலத்திலிருந்து அவருடையதுதான். சின்னமயில் அவர் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிக் காயவைக்கிற வேலை பார்த்தாள். புருஷனும் அவளும் குடியிருந்ததும் அவருடைய லைன் வீடு ஒன்றில்தான். பிச்சை மேடையில் எதைச் சொன்னாலும் கூட்டம் முதலில் முன்வரிசையைப் பார்க்கும். மில்காரர் தோள் குலுங்கினால் ஊரும் குலுங்கும். பிச்சை அவரையே வைத்துச் சொன்னபோதும் அப்படித்தான். "எங்க தெருக் குழாயைத் திறந்தா ஆலாபனை மட்டும்தாங்க வருது, கீர்த்தனை பூராவும் மில்லுக்குள்ள போயிருது" என்று அவன் சொன்ன வருஷம், குழாய்த் தண்ணீரை இரவோடு இரவாக மில் தொட்டிக்குத் திருப்பிக்கொண்டிருந்த வயிரவன்தான் எல்லோருக்கும் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு மேடையேறி வந்து பிச்சைக்குத் துண்டும் போர்த்தினார்.

மறுநாள் குழாயடியில் காலிக்குடத்தோடு நின்ற ஒரு பெண் பிச்சையை நிறுத்தினாள். கேலியாக இல்லை, சண்டையாகவும் இல்லை, இருக்கிறதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அண்ணே, நீ சொன்னே, நாங்க சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு. சிரிச்சதோட எல்லாருக்கும் மனசு ஆறிப்போச்சு. கொடம் அப்பிடியேதான் இருக்கு."

பிச்சை வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். இத்தனை காலம் சாட்டை என்று நினைத்துச் சுழற்றியது மில்காரருக்கு விசிறியாக இருந்திருக்கிறது என்பது அவனுக்குச் சோறு இறங்கவிடாத விஷயமாக இருந்தது. கடைசியில் அடுப்படிப் பக்கம் போய் நின்று, தலைவர் தேர்தலுக்கு நிற்கப்போவதாகச் சொன்னான். சின்னமயில் இதுவும் ஒரு சங்கதியா என்று யோசித்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "சரி" என்றாள்.

வேட்புமனு கொடுத்த அன்றைக்குத்தான் அது நடந்தது. பிச்சை ஆபீசை விட்டு வெளியே வந்து, எதிரே டீக்கடையில் காத்திருந்தவர்களிடம் உள்ளே நடந்ததைச் சொன்னான். தொழில் என்ன என்று அதிகாரி கேட்டாராம், பபூன் என்றானாம், அதையெல்லாம் எழுத முடியாதய்யா என்றாராம். "இதுக்கு முன்னாடி தலைவரா இருந்தவங்க எல்லாம் அந்த எடத்துல வேற என்னதாங்க எழுதுனாங்கன்னு கேட்டேன்" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் சிரித்த வாய் மூடாமல் எதிரே இருந்தவனைப் பார்த்தார், எதிரே இருந்தவன் அவரைப் பார்த்தான், இரண்டு பேர் பல்லும் ஓட்டுப் போட்டவன் விரல் மாதிரி ஊதாவாக இருந்தது. கடையில் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் அப்படியே. பீடி பற்றவைக்கக் குனிந்ததில் சங்கதியைக் காதில் வாங்காத ஒருவருக்கு மட்டும் பல் பழையபடி மஞ்சளாக இருந்தது.

அது சாம்பலுக்குப் போகவில்லை, உப்புக்கும் கரிக்கும் போகவில்லை. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் பல் கூசியதே தவிர நிறம் மாறவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆவாரங்குடி இதைத் தேள்கடி, அம்மை, கரண்ட் கட்டு போல வீட்டுக் காரியங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. வெற்றிலை போடாதவர்களெல்லாம் போட ஆரம்பித்தார்கள். சிவப்பில் ஊதா மறையுமா என்று பார்த்தார்கள். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆனதுதான் மிச்சம். பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்பதோடு "பொண்ணு சிரிச்சிருக்கா?" என்றும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்படி விசாரித்த ஒரு மாப்பிள்ளைப் பையன், காபி டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பெண்ணின் சித்தப்பா கவனித்துவிட்டதில் இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்று அந்தச் சம்பந்தம் உடனே பொருந்திப்போனது. போட்டோ ஸ்டூடியோவில் சிரிக்கச் சொல்வதை நிறுத்தினார்கள். கோயில் குருக்கள் மந்திரத்தை உதடு பிரியாமல் சொல்லப் பழகிக்கொண்டார். அம்மனுக்குக் கேட்டால் போதும் என்றார். பொய்யாகச் சிரித்தால் பல் மாறாது என்பதையும் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பிச்சையின் ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்ட இரண்டு மூன்று பேர் அவன் முன்னால் போய் நின்று ஹாஹாவென்று கத்திவிட்டு வெள்ளைப் பல்லோடு திரும்பி வந்து ஊரின் ஏளனத்துக்கு ஆளானார்கள்.

ஓட்டு யாருக்கு என்பது பெட்டிக்கும் மனசுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்த ஊரில், பிச்சை பேச்சுக்குச் சிரித்தது யார் என்பது வாயைத் திறந்தால் தெரிந்துபோகும் விஷயமாகிவிட்டது. மில்காரருக்கு இது வசதியாகப் போயிற்று. மில் கேட்டில் வாட்ச்மேன் சேவுகன் காலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வேலைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "பல்லைக் காட்டு" என்றான். ஆவாரங்குடியில் அந்த வார்த்தைக்கு அதுவரைக்கும் ஒரே அர்த்தம்தான். காரியம் ஆக வேண்டி ஒருத்தன் முன்னால் கூனிக்குறுகி இளித்துக்கொண்டு நிற்பதைத்தான் பல்லைக் காட்டுவது என்பார்கள். இப்போது வாரக்கூலிக்காரர்கள் நிஜமாகவே வரிசையில் நின்று பல்லைக் காட்டினார்கள். ஊதா தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். வெள்ளை தெரிந்தால் உள்ளே போகலாம். சின்னமயிலைப் பார்த்தால் மட்டும் சேவுகன் கையை அசைத்து, "நீ போக்கா, ஒன்னையப் பாக்கவா வேணும்" என்பான்.

அதற்குப் பிறகு பிச்சை தெருவில் வந்தால் தெரு ஒதுங்கியது. வெறுப்பில் அல்ல. அவன் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும் என்று பயந்துதான் ஒதுங்கியது. அவனுக்கு மகிழ்ச்சியோடு கடலைமிட்டாய் கொடுத்த பெட்டிக்கடைக்காரர் இப்போது தானே இரண்டை வாயில் போட்டுப் பல்லை இறுக்கிக்கொண்டு எங்கேயோ பார்த்தார். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்தினார்கள், பெண்கள் முந்தானையைக் கடித்தார்கள், அடக்கிய சிரிப்பு வயிற்றுக்குள் புரண்டு விக்கலாக வந்து, அவன் ஓட்டுக் கேட்டுப் போன தெருவெல்லாம் வெகுநேரம் விக்கிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அவனுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. வழுக்கைத் தலையில் வெயில் பளபளக்க, கையில் சீப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றால், எந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு நிற்பான்? கதவைத்தான் மூடினார்கள்.

ஜவுளிக்கடை பாலுசாமி பிச்சையின் மேல் நல்ல எண்ணம் உள்ளவர். அவர் கூப்பிட்டு உட்காரவைத்து எடுத்துச் சொன்னார். ஜனங்களுக்கு உன்மேல் பிரியம் குறையவில்லை, சிரிப்பின்மேல்தான் பயம், ஆகையால் நீ சிரிக்கவைக்காதே, தலைவன் மாதிரி வா, தலைவன் மாதிரிப் பேசு, பயமில்லாமல் வந்து கேட்பார்கள் என்றார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்து, பேச்சையும் அவரே எழுதிக் கொடுத்தார். பிச்சைக்கும் அது நியாயமாகப் பட்டது. அவனுக்கு வேண்டியது குழாயில் தண்ணீர்.

அவர் சொன்னது போலவே பயமில்லாமல் வந்தார்கள். துண்டை எடுத்துவிட்டு, முந்தானையை விட்டுவிட்டு, நிம்மதியாகக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்டார்கள். கொட்டாவிக்குப் பல் மாறாது என்பதால் தாராளமாகவே விட்டார்கள். பேச்சு முடிவதற்குள் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். அவன் பின்னாலேயே ஓடிவரும் நண்டு சிண்டுகள்கூட இப்போது ஐஸ் வண்டி பின்னால் போயின. வீட்டிலும் அவன் புதுச் சங்கதி எதுவும் கொண்டுவருவதில்லை. தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டுத் தாளைப் பிரித்து உட்கார்ந்துவிடுவான். "சரி" என்றோ "ம்" என்றோ சொல்ல எதுவும் இல்லாத வீட்டில் சின்னமயிலுக்கு நாக்கு துருப்பிடித்தது போல இருந்தது. களத்தில் நெல்லைக் கிண்டும்போது, ராத்திரி ஒழுகுகிற ஒரு வீட்டைப் பற்றி அவன் எதையாவது சொல்லமாட்டானா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது மில் கணக்கப்பிள்ளை சிதம்பரநாதன் லைன் வீட்டுக்கு வந்தார். பிச்சை வெளியே போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். சின்னமயில் போட்ட பலகையில் உட்காராமல் நின்றுகொண்டே, பதமாகப் பேசினார். சந்தைத் திடலில் ஐயாவுடைய கடைசிக் கூட்டம், அதில் அவள் மேடையேற வேண்டும், ஏறி ஊருக்கு முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"ஐயா ஒன்னையப் பொய் சொல்லச் சொல்லல தாயி. உள்ளதை உள்ளபடி காட்டு. கூடவே குடும்பம் நடத்துறவளுக்கே சிரிப்பு வராத ஆளுன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

காட்டினால் வேலையும் வீடும் அவள் கண்ணை மூடும் வரைக்கும் அவளுடையது. காட்டாவிட்டால் மறுநாளே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவள் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானமே ஒரு ஆட்டோ மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டது. "கட்டின பொண்டாட்டியே சிரிக்காத பபூனுக்கா உங்கள் ஓட்டு? சந்தைத் திடலுக்கு வாருங்கள், சின்னமயில் பல்லைப் பாருங்கள்" என்று அது கூவிக்கொண்டு போனதை முக்குக்கடையில் நின்று பிச்சையும் கேட்டான்.

வீட்டுக்கு வந்தவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவள் போய்க் காட்டினால் தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். போகாதே என்று சொன்னால் இந்த வயதில் அவளைத் தெருவில் நிறுத்துகிறோம் என்றும் தெரியும். "நெசந்தான மயிலு, ஒனக்குச் சிரிப்பு வந்ததே இல்ல" என்று மட்டும் ஒருதரம் சொன்னான். அவள், எந்தெந்தச் சங்கதி எங்கேயிருந்து வந்தது என்று தனக்குத் தெரியும் என்பதை அன்றைக்காவது சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

கூட்டத்தன்று காலையில், ஒரு கட்சிக்காரன் எத்தனை தடவை தோற்றாலும் கடைசிப் பிரசாரத்துக்குப் போவதைப் போல, பிச்சை வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பாலுசாமி எழுதிக்கொடுத்த பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னமயில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். கண்ணாடி ஆணியில் சாய்வாகத் தொங்கியதால் அதில் அவனுடைய வழுக்கையும் சீப்பைப் பிடித்த கையும் மட்டும் தெரிந்தன. அவன் நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கனப்படுத்தி, "என் உயிரினும் மேலான வாக்காளப் பெருங்குடி மக்களே, என் நாடி நரம்புகளில் ஓடுவது குருதி அன்று, அன்று, அன்று" என்று மூன்றுதரம் சீப்பை ஆட்டினான். பிறகு அடுத்த வார்த்தை மறந்துபோய், என்ன ஓடுகிறது என்று தெரியாமல், கண்ணாடியைப் பார்த்து முழித்தான்.

முதலில் அவள் கையிலிருந்த முறம் ஆடியது. அரிசி சலசலத்தது. இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒழுகுகிற கூரை இல்லை, ஆஸ்பத்திரி ஜன்னல் இல்லை, செத்த பிள்ளை இல்லை, யாருடைய பசியும் இல்லை, ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு வயிற்றில் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் சொல்லி, அவளுக்கு ஒரு துளியும் வலிக்காத முதல் வார்த்தை அதுதான். "ஓடுறது ரத்தம் இல்லேன்னா டாக்டரப் போய்ப் பாருங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கேயோ அடியில் கிடந்து வந்த சிரிப்பு. அரிசி வீடெல்லாம் சிதறியது, அவள் சுவரில் சாய்ந்தாள், சுவர் தாங்காமல் தரையில் சாய்ந்தாள், கண்ணில் தண்ணீர் ஊற்றியது, நிறுத்தலாம் என்று அவனைப் பார்த்தால் அவன் இன்னும் சீப்பைப் பிடித்தபடியே நின்றதைக் கண்டு மறுபடியும் முதலிலிருந்து சிரித்தாள்.

பிச்சைக்கு முதலில் அவளுக்கு ஏதோ வலிப்பு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. விஷயம் புரிந்ததும் அவன் முகம் திருவிழாவில் தொலைந்த பிள்ளை அம்மாவைக் கண்டுகொண்ட முகம்போல ஆனது. அப்புறம்தான் பல்லைப் பார்த்தான். கடைவாய் வரைக்கும் ஊதா.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு அவன் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். வீட்டுக்குள் நடந்தது வெளியே யாருக்கும் தெரியாது, உடம்புக்குச் சரியில்லை என்று படுத்துக்கொள், தேர்தல் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிடு, வீடாவது மிஞ்சும் என்று கெஞ்சினான். அவள் சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"இத்தன வருசம் மூடித்தான வச்சிருந்தேன். இன்னமும் மூடவா?"

சாயங்காலம் சந்தைத் திடலில் மில் ஆட்களும் மில்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுமாக ஊரே இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. வெயில் இறங்கி டியூப் லைட்டுகள் கண் சிமிட்டி எரிய ஆரம்பித்த நேரத்தில் சின்னமயில் களத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் அதே சேலையோடு, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் இருப்பாள் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிச்சை வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய கட்டம்போட்ட சட்டையில் வந்து, கடைசியில் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

மில்காரர் தானே எழுந்து வந்து மரியாதையாக அவளை மைக்கு முன்னால் நிறுத்தினார். இந்தப் பெண் என் மில்லில் வேலை பார்க்கிறது, பொய் சொல்லத் தெரியாத பெண், புருஷனைப் பற்றிப் பொண்டாட்டியைவிட யாருக்குத் தெரியும் என்றெல்லாம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, களத்து கேட்டில் கேட்கிற அதே வார்த்தையைக் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னார்.

"பல்லைக் காட்டு மயிலு. ஊரு பாக்கட்டும்."

சின்னமயில் மைக்கைப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் அதன் முன்னால் நின்றதில்லை. உதட்டை அதிகம் பிரிக்காமலே பேசினாள். ஆனாலும் திடல் கடைசி வரைக்கும் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு வருசா வருசம் ஒங்க நாற்காலிக்கு முன்னால நின்னு பல்லைக் காட்டுனாரு. ஊரு சனம் ஒங்க கேட்டுல வரிசையா நின்னு காட்டுச்சு. அதெல்லாம் பத்தலன்னு மேடையேத்திக் காட்டச் சொல்றீங்க. நல்லாப் பாத்துக்கங்க."

காட்டினாள். கீழ் வரிசை, மேல் வரிசை, கடைவாய் எல்லாம் தெரிய, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஒருத்தர் விடாமல் பார்க்கும்படி காட்டினாள். டியூப் லைட் வெளிச்சத்தில் அது அப்போதுதான் மை வைத்தது போல ஈரமாக மின்னியது. மில்காரர் ஒரு அடி பின்னால் வைத்தார். கணக்கப்பிள்ளை மைக்கை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்; மைக்செட்காரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அவருடைய கை அவன் கண்ணில் படவில்லை.

"எதுக்குச் சிரிச்சேன்னு கேக்கலியே" என்றாள் சின்னமயில். "இத்தன வருசம் அவரு பபூனாப் பேசினாரு. எனக்குச் சிரிப்பு வரல. இன்னிக்குக் காலைல ஒங்கள மாதிரி தலைவராப் பேசிப் பாத்தாரு. அடக்க முடியல."

பழக்கதோஷத்தால் அத்தனை கண்ணும் மில்காரரின் தோளைப் பார்த்தன, அது குலுங்குமா என்று. அந்த நொடியில் கடைசியிலிருந்து, சைக்கிள்கள் பக்கமிருந்து, பிச்சையின் குரல் வந்தது. அவன் சிரிக்கவில்லை. கல் பொறுக்குகிறவள் நிமிர்ந்து பார்க்காமல் சொல்வது போல அமைதியாகச் சொன்னான்.

"சரி."

அதற்குப் பிறகு யாரும் முன்வரிசையைப் பார்க்கவில்லை. துண்டுகள் விழுந்தன, முந்தானைகள் விழுந்தன, வாரக்கணக்காக வயிற்றுக்குள் விக்கிக்கொண்டிருந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. சந்தைத் திடல் சிரித்தது, திடலுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள், பஸ் ஏறிப் போனவர்கள் அடுத்த ஊரில் இறங்கிச் சொல்லி அவர்களும் சிரித்தார்கள். குருக்கள் சிரித்தார். ஜவுளிக்கடை பாலுசாமி, எழுதினது நான்தான் நான்தான் என்று மாரைத் தட்டிக்கொண்டு சிரித்தார். யார் பல் ஊதா, யார் பல் வெள்ளை என்று பார்ப்பதற்கு அங்கே யாருக்கும் கை ஒழியவில்லை. மில்காரர் சிரித்தாரா இல்லையா என்பது இன்றைக்கும் ஊரில் தீராத வழக்கு. மேடையை விட்டு இறங்கும்போது அவர் துண்டின் ஒரு முனையை வாய்க்குள் அழுத்திப் பிடித்திருந்தார் என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறந்து ஓட்டுக் கேட்க அவர் எந்தத் தெருவுக்கும் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் சின்னமயில் இரண்டு பேருடைய துணியையும் தகரப்பெட்டியில் அடுக்கி வாசல் பக்கம் வைத்தாள். சாவியைப் பெட்டிமேல் வைத்தாள். வந்து கேட்டால் கொடுத்துவிடலாம், கேட்காதவரைக்கும் குடியிருக்கலாம். விடிந்ததும் எப்போதும் போலத் தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் களத்துப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊதாப் பல்லுக்காக முன்பு விரட்டப்பட்டவர்களும் வந்தார்கள். உள்ளே தொட்டிகளில் ஊறிய நெல் அவிக்க ஆளில்லாமல் புளிப்பு வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது.

கேட்டை மறித்து ஸ்டூலில் சேவுகன் உட்கார்ந்திருந்தான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி, பல்லைக் காட்டச் சொன்னான்.

சின்னமயில் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"நீ மொதல்ல காட்டுடா சேவுகா" என்றாள்.

அவன் திரும்பி, பின்னால் மில் ஆபீஸ் ஜன்னல் இருந்த திசையை ஒருதரம் பார்த்தான். பிறகு முகத்தை நிமிர்த்தி, அக்கா முன்னால் மாட்டிக்கொண்ட தம்பி மாதிரி, மெதுவாக உதட்டைப் பிரித்தான். அந்தப் பல் ஊரிலேயே நல்ல கறுத்த ஊதாவாக இருந்தது.

அவனே எழுந்து ஸ்டூலை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு கதவு போதாது என்று இரண்டு கதவையும் தள்ளித் திறந்தான்.